வெள்ளை மார்பிள் மங்கினால்: ஆசிட்டும் வேண்டாம், அவசரப்பட்டு மெஷினும் வேண்டாம்

நீங்கள் ஒரே கேள்வியாக எழுதியிருந்தாலும் அதற்குள் நான்கு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. வீடு கட்டி 14 வருடம், தரை முழுக்க ராஜஸ்தான் வெள்ளை மார்பிள். பூஜை அறையில் குத்துவிளக்கு வைக்கிற இடத்தில் வட்டம் வட்டமாக மங்கல், அங்கேயே எண்ணெய் ஊறிய கருமை, ஹாலில் நடக்கிற வழி பூராவும் பளபளப்பு போய்விட்டது, குளியலறைச் சுவரை ஒட்டி மஞ்சள் ஏறியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிறவர் ஆசிட் ஊற்றிக் கழுவினால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார், பாலிஷ்காரர் முழு வீட்டுக்கும் மெஷின் ஓட்டி மேலே ஒரு கோட்டிங் அடிக்க வேண்டும் என்கிறார், இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்கிறீர்கள். ஆசிட் ஆலோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். பாலிஷ்காரர் சொல்வதில் பாதி சரியாக இருக்கலாம், ஆனால் அவரைக் கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. கல் அறுப்பு, பதிப்பு, பாலிஷ் என்று இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் தரையை நேரில் பார்க்கவில்லை, நீங்கள் போட்ட படத்தில் வெளிச்சம் நேராக மேலிருந்து விழுகிறது, அதில் மங்கலும் கறையும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் சில இடங்களில் ‘இப்படி இருந்தால் இது, அப்படி இருந்தால் அது’ என்றுதான் சொல்ல முடியும்.

முதலில் கல்லைப் பற்றிக் கொஞ்சம். மார்பிள் என்பது சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் அழுத்தத்திலும் சூட்டிலும் மாறி உருவானது, அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், அதாவது கால்சைட். தாஜ்மகாலுக்குப் போன மக்ரானா கல் அந்த வகை. ராஜ்நகர் பக்கத்து வெள்ளைக் கல் பலவற்றில் மெக்னீசியமும் சேர்ந்து டோலமைட்டாக இருக்கும், அமிலம் பட்டால் அது கொஞ்சம் மெதுவாக அரிபடும், ஆனால் அரிபடாமல் இருக்காது. இரண்டுமே கடினத்தில் குறைவு: மோஸ் அளவுகோலில் கால்சைட் 3, டோலமைட் மூன்றரையிலிருந்து நான்கு. வாசலிலிருந்து செருப்போடு வருகிற மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. உங்கள் ஹால் ஏன் நடக்கிற வழியில் மட்டும் மங்கியிருக்கிறது, சோபாவுக்கு அடியில் ஏன் புதுசு போல இருக்கிறது என்பதற்கு இதைத் தாண்டி வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 14 வருடமாகக் காலடியில் மணல் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள்.

இப்போது பூஜை அறை வட்டங்கள். இதைக் கறை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது கறையாகத் தெரியவில்லை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். வட்டத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் தடவுங்கள். ஈரமாக இருக்கும்போது வட்டம் மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் திரும்ப வந்தால் அது அரிப்பு, அமிலம் தின்ற இடம். ஈரத்திலும் கருப்பாகவோ மஞ்சளாகவோ அப்படியே தெரிந்தால்தான் அது கறை. இன்னொரு வழி, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள், அரித்த இடம் பனி படிந்த கண்ணாடி மாதிரி தெரியும், நகத்தால் தடவினால் சில சமயம் விளிம்பு கூடத் தட்டுப்படும். உங்கள் வீட்டு வட்டங்கள் குத்துவிளக்கின் அடிப்பாக அளவுக்கே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அம்மா வெள்ளிக்கிழமைதோறும் விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள் என்றும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். விளக்கைத் தேய்த்து, கழுவி, அடிப்பாகத்தைச் சரியாகத் துடைக்காமல் கொண்டுவந்து வைத்தால் அந்த விளிம்பில் தேங்கிய புளித் தண்ணீர் போதும், கல் அந்த அளவுக்கு வட்டமாக மங்கிவிடும். பித்தளை தேய்க்கும் பவுடர்கள் பலவற்றிலும் அமிலம்தான் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி நிலைப்படியில் வைப்பது, அபிஷேகத் தயிர் சிந்துவது, பிள்ளைகள் கோலா பாட்டிலைக் கவிழ்ப்பது எல்லாம் இதே கதைதான்.

அமிலம் பட்ட இடத்தில் கார்பனேட் கரைந்து கரியமில வாயுவாகவும் உப்பாகவும் போய்விடுகிறது. அங்கே அழுக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை, கல்லின் மேல்பரப்பே கொஞ்சம் காணாமல் போயிருக்கிறது, அதனால்தான் எந்தச் சோப்பும் எந்தப் பவுடரும் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னவரின் யோசனை எங்கே கொண்டுபோய் விடும் என்று இப்போது தெரிந்திருக்கும். கழிவறை கழுவ வாங்கும் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், மார்பிளில் பட்டதும் நுரைத்துப் பொங்கும். அந்த நுரையைப் பார்த்து அழுக்கு வெளியே வருகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள், பொங்குவது உங்கள் கல்தான். கழுவி முடித்து ஈரமாக இருக்கும்போது வெளுப்பாகவும் தெரியும், அழுக்கோடு மேல் தோலும் போயிருப்பதால் அப்படி. மறுநாள் காய்ந்ததும் முழுத் தரையும் சாக்பீஸ் தேய்த்தது போல ஆகிவிடும், அதன் பிறகு அழுக்கும் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். புது வீடுகளில் சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிய தரைகளைப் பின்னால் நாங்கள்தான் அடிமட்டத்திலிருந்து மெஷின் போட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறோம், நல்ல வருமானம்தான், ஆனால் அவ்வளவு செலவு அந்த வீட்டுக்காரர்களுக்குத் தேவையே இல்லாதது.

வட்டங்களைச் சரிசெய்ய வழி இருக்கிறது, அதுவும் சின்ன இடம் என்பதால் நீங்களே செய்யலாம். நகத்தில் விளிம்பு தட்டாமல் வெறுமனே மங்கலாக மட்டும் இருந்தால், கல் சாமான் விற்கும் கடைகளில் மார்பிள் பாலிஷிங் பவுடர் என்று கேளுங்கள். அலுமினியம் ஆக்சைடு அல்லது டின் ஆக்சைடு கலந்திருக்கும், சிலவற்றில் ஆக்சாலிக் அமிலமும் இருக்கும். ஆக்சாலிக் அமிலம் விஷம், கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் போடச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீரில் சுலபத்தில் கரையாத கால்சியம் ஆக்சலேட்டாக மேலேயே தங்கும், மற்ற அமிலங்கள் போலக் கரைத்துக்கொண்டு ஓடிவிடாது. நம் ஊரில் மொசைக் தரைக்கும் மார்பிளுக்கும் கடைசிப் பாலிஷாக இதைத்தான் காலங்காலமாகப் போட்டு வருகிறார்கள். அதற்காக நீங்கள் வெறும் ஆக்சாலிக் பவுடரை வாங்கி அள்ளிக் கொட்ட வேண்டாம், அளவு மீறினால் மஞ்சளும் மங்கலும்தான் மிஞ்சும். பாலிஷிங் பவுடரைக் கொஞ்சம் தூவி, ஈரமான கெட்டித் துணியாலோ ஃபெல்ட் துண்டாலோ நன்றாக அழுத்தி வட்டமாகத் தேய்க்க வேண்டும், காய விடக்கூடாது, குழம்பாகவே இருக்க வேண்டும். சில நிமிடம் தேய்த்துத் துடைத்து, காய்ந்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பலன் தெரிந்தால் இன்னொரு சுற்று. முதல் முயற்சியைக் கண்ணில் படாத மூலையில் செய்யுங்கள், ஏனென்றால் சில கற்களில் தேய்த்த இடம் சுற்றியுள்ள பழைய தரையை விட அதிகமாகப் பளபளத்து, மங்கல் வட்டம் போய் மினுக்கும் வட்டம் வந்துவிடும்.

நகத்தில் விளிம்பு தட்டினால் பவுடர் போதாது. வாட்டர் பேப்பர், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், 400, 600, 800, 1200 என்று (நம்பர் ஏற ஏற நைசாகும்) தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்து, கடைசியில்தான் பவுடர். வரிசையில் ஒன்றை விட்டாலும் முந்தின பேப்பரின் கீறல் தங்கிவிடும். பொறுமை இல்லாவிட்டால் இதைத் தொடாமல் ஆளிடம் விடுவது நல்லது.

எண்ணெய்க் கருமை வேறு விஷயம். இது நிஜமான கறை, கல்லுக்குள்ளே இருக்கிறது. நல்ல மார்பிள் தண்ணீர் குடிப்பது ரொம்பக் குறைவு, இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 1130 அதிகபட்சம் எடையில் 0.4 சதவீதம்தான் அனுமதிக்கிறது. ஆனால் தினமும் நல்லெண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தால் அந்த நுண்துளைகளுக்கு அதுவே போதும். மேலே சோப்புப் போட்டுத் தேய்த்தால் மேலே இருக்கும் பிசுக்கு மட்டும் போகும். உள்ளே போனதை வெளியே இழுக்கப் பற்றுப் போட வேண்டும். ஒரு வெள்ளைப் பொடியைக் கரைப்பானில் குழைத்துக் கறை மேல் அப்பி மூடி வைத்தால், கரைப்பான் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கிறது, பிறகு மூடியை எடுத்ததும் பொடி காயக் காய எண்ணெய் கல்லிலிருந்து பொடிக்கு ஏறுகிறது. தாஜ்மகாலில் தொல்லியல் துறை 1994-லிருந்து சில முறை செய்திருக்கும் முல்தானி மிட்டி சிகிச்சையும் அடிப்படையில் இதே பற்றுதான், அங்கே எடுப்பது காற்றில் வந்து படிந்த கரியையும் தூசியையும். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு முகத்துக்குப் போடுவது போல முல்தானி மிட்டியில் எலுமிச்சைச் சாறு பிழிந்து தரையில் பூசியவர்கள் உண்டு. கறையும் போகவில்லை, புதுசாக அரிப்பும் வந்தது. வீட்டுக்கு நான் முல்தானி மிட்டியைச் சொல்வதில்லை, அதில் கொஞ்சம் இரும்பு இருக்கும், வெள்ளைக் கல்லில் அதுவே பழுப்பு விட வாய்ப்பு உண்டு. வாசனை இல்லாத டால்க் பவுடர் அல்லது வெள்ளைக் களிமண், கயோலின், போதும்.

எண்ணெய்க்குக் கரைப்பான் அசிட்டோன். இது சட்டென்று தீப்பிடிக்கும், நீங்கள் வேலை செய்வதோ பூஜை அறையில். விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியாமல், ஜன்னல் கதவைத் திறந்து வைத்து, பற்று காய்ந்து அதை எடுக்கிற வரை சாமி விளக்கை வேறு அறையில் ஏற்றிக்கொள்ளுங்கள், இதில் விளையாட்டே கூடாது. வடை மாவுப் பதத்துக்குக் குழைத்து, கறையை விட ஒரு அங்குலம் வெளியே போகிற மாதிரி அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஓரமெல்லாம் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் தாளை எடுத்துவிட்டு முழுக்கக் காய விட வேண்டும். பெரும்பாலானவர்கள் சொதப்புவது இங்கேதான், ஈரமாக இருக்கும்போதே வழித்துவிடுகிறார்கள், இழுக்கும் வேலையே காயும்போதுதான் நடக்கிறது. காய்ந்ததும் மரக் கரண்டியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ எடுத்துத் துடைத்துப் பாருங்கள். பொடியின் அடிப்பக்கம் மஞ்சளாகியிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், கறையும் கொஞ்சம் வெளுத்திருக்கும். ஒரே தடவையில் போகாது. 14 வருட எண்ணெய் உள்ளேயே இறுகிப் பிசின் போல ஆகியிருக்கும், மூன்று நான்கு தடவை போட்டும் லேசான நிழல் தங்கினால் அதோடு விட்டுவிடுங்கள். முழுசாகப் போய்விடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், தருகிறவர்களையும் நம்ப வேண்டாம். புதிதாகச் சிந்திய எண்ணெய் என்றால் இவ்வளவு பாடு இல்லை, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மேலே டால்க் பவுடரோ மைதாவோ குவித்து ராத்திரி முழுக்க விட்டால் பெரும்பகுதி வந்துவிடும்.

மஞ்சள், குங்குமம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பூஜை அறை என்றால் அடுத்து வருவது அதுதான். மஞ்சள் கறையில் சோப்புத் தண்ணீர் பட்டதும் சிவப்பாகும், பயந்துவிடாதீர்கள், மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் நிறம் மாறுகிறது, நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். அந்த நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது, வெயில் படுகிற இடமாக இருந்தால் சில நாளில் தானாகவே வெளுக்கும். வெயில் வராத அறையில் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, 6 சதவீதம், அதே வெள்ளைப் பொடியில் குழைத்துப் பற்றுப் போடலாம். காபி, டீ, பூ அழுகிய கறைக்கும் இதே மருந்துதான். குங்குமம் கடினம். கடையில் வாங்கும் குங்குமம் பலவற்றில் செயற்கைச் சாயம் இருக்கிறது, சிலது பெராக்சைடுக்கு மசியும், சிலது அசிட்டோனுக்குத்தான் மசியும், சிலது எதற்கும் மசியாது. பெராக்சைடையும் அசிட்டோனையும் ஒரே நேரத்தில் கலந்து மட்டும் போடாதீர்கள், ஆபத்தான சேர்மானம். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ப்பதும் அப்படியே, குளோரின் வாயு வரும், குளியலறையில் இதைச் செய்து மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஹாலுக்கு வருவோம், அதாவது பாலிஷ்காரர் விஷயம். மணல் தேய்த்து மங்கிய தரைக்கு மெஷின்தான் தீர்வு, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த அளவுக்கு மெஷின் என்பதில்தான் பேச்சு. கல்லுக்குக் கல் மேடு பள்ளம் இருந்தால், அல்லது ஆழமான கீறல் இருந்தால், மெஷினில் மாட்டும் 60 அல்லது 80 நம்பர் தேய்ப்புக் கல்லிலிருந்து ஆரம்பித்து லெவல் எடுக்க வேண்டும், அதில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் கூடப் போகலாம். பலகை பொதுவாக 18 மில்லிமீட்டர்தான், ஆகவே இது அடிக்கடி செய்யும் வேலை இல்லை. கல்லெல்லாம் சமமாக இருந்து பளபளப்பு மட்டும் போயிருந்தால் டைமண்ட் பேடில் (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு) 400-லிருந்து ஆரம்பித்து 800, 1500, 3000 என்று ஏறினாலே போதும். நடப்பது என்னவென்றால், எந்தத் தரையாக இருந்தாலும் அடிநம்பரிலிருந்து ஆரம்பிப்பதற்கே விலை சொல்வார்கள், அல்லது அதற்கு நேர் எதிராக, நடுவில் இரண்டு நம்பரைத் தாண்டிவிட்டு மேலே மெழுகோ கெமிக்கலோ பூசிப் பளபளப்பைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஒரு கல்லை மட்டும் முழு வேலையும் செய்து காட்டச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுத்தாலும் பரவாயில்லை. முடித்ததும் உடனே பார்க்காதீர்கள், ஈரக் கல் எதுவாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கும். ஒரு நாள் காய விட்டு, பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் டார்ச்சைப் படுக்க வைத்து அடியுங்கள். பளபளப்பு அப்படியே இருந்தால் கல்லே பாலிஷ் ஆகியிருக்கிறது. மங்கியிருந்தால், அல்லது நகத்தால் சுரண்டும்போது மெல்லிய படலமாக ஏதாவது வந்தால், அது பூச்சு. வெளிச்சத்தில் வட்ட வட்டமாகச் சுழல் கோடுகள் தெரிந்தால் நம்பரைத் தாண்டியிருக்கிறார்கள். இந்த ஒரு கல்லைப் பார்த்துவிட்டுத்தான் மீதிக்குப் பேச வேண்டும். அப்படிக் காட்ட மாட்டேன் என்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

கோட்டிங் என்று அவர் சொன்னது எதை என்று தெளிவாகக் கேளுங்கள், ஏனென்றால் அந்த ஒரு பெயரில் மூன்று வேறு சமாச்சாரங்கள் விற்கப்படுகின்றன. மெழுகோ பிளாஸ்டிக் போன்ற படலமோ என்றால் வேண்டாம், கீறும், ஓரங்களில் அழுக்குப் பிடித்து மஞ்சளாகும், பின்னால் அதை உரித்து எடுக்கத் தனிக் கூலி. உள்ளே ஊறும் சீலர் என்றால் பயனுள்ளது, எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், பூஜை அறைக்கும் சாப்பாட்டு மேசை இருக்கும் இடத்துக்கும் போடலாம். ஆனால் சீலர் போட்டால் எலுமிச்சை படலாம், புளி படலாம் என்று நினைத்தால் அது தப்பு, அரிப்பு நடப்பது மேல்பரப்பில், துளைக்குள் ஊறிய சீலர் அதைத் தடுக்காது. இதை விற்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சீலர் தேவையா என்று பார்க்க, கல் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள், அந்த இடம் கருத்திருந்தால் கல் குடிக்கிறது. மூன்றாவது கிரிஸ்டலைசேஷன் என்பது, ஃப்ளூரோசிலிகேட் மருந்தைத் தெளித்து எஃகு நார் கட்டிய மெஷினால் சூடேறத் தேய்ப்பது. இதைப் பற்றித் தொழிலுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பறை மாதிரி ஆயிரம் கால் நடக்கிற இடத்தில் வேகமாகப் பளபளப்பை மீட்க நல்ல வழி என்பது ஒரு கட்சி, கல்லின் மேல் தோலை வேறு ரசாயனமாக மாற்றி, பிற்பாடு சரியான பாலிஷ் போடுவதைக் கஷ்டமாக்குகிறது என்பது இன்னொரு கட்சி. வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து, அதோடு அறுந்து விழும் எஃகு நார்த் துணுக்கு கல் இடுக்கில் மாட்டிக்கொண்டு ஈரம் பட்டுத் துரு விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மெஷின் ஓட்டும் நாளில் இரண்டு விஷயம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே தரையில் இருக்கும், வீட்டில் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பட்டனை அழுத்திப் பாருங்கள். தேய்க்கும்போது வரும் கல் குழம்பைக் குளியலறை ஜாலி வழியாகத் தள்ளிவிட விடாதீர்கள், குழாய்க்குள் படிந்து இறுகிவிடும், வாளியில் அள்ளி வெளியே கொட்டச் சொல்லுங்கள்.

தினசரிப் பராமரிப்பு ரொம்ப எளிது, எளிது என்பதால்தான் யாரும் செய்வதில்லை. வாசலில் வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒன்று. துடைப்பதற்கு முன் தூசியைக் காய்ந்த மாப்பால் எடுத்துவிட வேண்டும், மணல் மேல் ஈர மாப் போடுவது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். வாளித் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். கடைத் தரை கிளீனர்களில் எலுமிச்சைப் படம் போட்டதெல்லாம் அமிலம் என்று சொல்ல முடியாது, பலவற்றில் அது வாசனைதான், ஆனாலும் டப்பாவின் பின்பக்கம் மார்பிளுக்கு உகந்தது என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். வினிகரும் சமையல் சோடாவும் கலந்து துடைப்பது இணையத்தில் பிரபலம், ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும், மிச்சம் இருக்கும் வினிகர் கல்லைத் தின்னும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் போட்டு மினுக்குவது காவித் தரையோடு போகட்டும். அப்புறம் ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்துத் தரை துடைப்பது. நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள், ஆனால் அதில் உப்பு போர்த் தண்ணீரை விடவும் செறிவாக இருக்கும், காய்ந்ததும் வெள்ளைப் படலம் விடும், அதைப் பார்த்துப் பாலிஷ் போய்விட்டது என்று பதறிப்போய்க் கூப்பிட்டவர்கள் உண்டு. அந்தத் தண்ணீர் கழிவறைக்குப் போகட்டும். துடைத்த பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை ஓட்டினால் படலம் விழாது.

அம்மா புளி போட்டுத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம், சொன்னாலும் நடக்காது. விளக்கைச் சமையலறை எவர்சில்வர் சிங்க்கில் தேய்த்து, நன்றாக அலசி, அடிப்பாகத்தைத் துணியால் துடைத்து, ஒரு தாம்பாளத்தின் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், எண்ணெய் சொட்டுவதற்கும் அதுவே காப்பு. பூஜை அறை வேலையின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன்: எண்ணெய்ப் பற்று முதலில், வட்டங்களுக்குப் பாலிஷ் அதன் பிறகு, சீலர் கடைசியில். சீலரை முதலில் போட்டால் எண்ணெயை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

கடைசியாகக் குளியலறைச் சுவர் ஓரத்து மஞ்சள். இதுதான் எனக்கு ரொம்ப யோசனையாக இருக்கிறது, மற்றதை விட இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஓரமாகப் பட்டையாக மஞ்சள் ஏறினால் பெரும்பாலும் கீழே ஈரம் இருக்கிறது. வெள்ளை மார்பிள் பலவற்றில் நுணுக்கமாக இரும்புக் கனிமம் இருக்கும், கல் நாள்கணக்கில் ஈரத்திலேயே இருந்தால் அது துருவாகி உள்ளிருந்தே நிறம் மாறும். சிலிண்டர் வளையமோ பீரோ காலோ விடும் துரு மேலிருந்து இறங்குவது, இது அப்படி இல்லை. ஓரத்தில் வெள்ளையாகப் பொடிப் பொடியாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் ஈரம் என்பது ஏறக்குறைய உறுதி. அந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் கல்லுக்குள்ளேயே போகும், காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். இந்த நிலையில் அங்கே பாலிஷும் வேண்டாம், சீலரும் வேண்டாம், மேலே அடைத்தால் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி மேல் தோலைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். முதலில் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயையும் குளியலறைத் தரை ஓரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கசிவை அடைத்த பிறகு கல் காய மாதக்கணக்கில் ஆகும். காய்ந்ததும் மஞ்சள் ஓரளவு குறையும், மிச்சம் நிற்பது இரும்பின் நிறம். துரு நீக்கி என்று கடையில் விற்கும் திரவங்கள் பெரும்பாலும் அமிலம், அவற்றை வெள்ளைக் கல்லில் ஊற்றாதீர்கள். அமிலம் இல்லாத துருப் பற்று மருந்துகளும் கிடைக்கின்றன, அவற்றின் பலன் கல்லுக்குக் கல் மாறும், ஆகவே அதையும் யாராவது போடுவதாகச் சொன்னால் ஒரே ஒரு கல்லில் போட்டுக் காட்டச் சொல்லி, காய்ந்த பிறகு பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.